அப்பாவுக்கு எவ்வளவு உதவி செய்யலாம்?

உவர்மலையிலிருந்து ஒரு மகள்

வணக்கம். 78 வயதான என் அப்பாவுக்கு அல்சைமர் நோய் என்று சென்ற ஆண்டு உறுதிப்படுத்தினார்கள். 30 ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவர். வெள்ளிக்கிழமைகளில் திருகோணமலைக் கோட்டை வாசலால் நடந்தே ஏறிக் கோணேசர் கோவிலுக்குப் போய் வருவார். இரண்டு மாதங்களுக்கு முன் திரும்பும் வழியில் திசை தவறி, மான்கள் மேயும் வெளியில் நெடுநேரம் நின்றிருக்கிறார். தெரிந்த ஓட்டோக்காரர்தான் கூட்டி வந்தார். அன்று முதல் அண்ணா அவரை வெளியே விடுவதில்லை. குளிக்க வார்ப்பது, உடுத்திவிடுவது, சோறு ஊட்டுவது என எல்லாவற்றையும் பயத்தில் நாங்களே செய்யத் தொடங்கினோம். தானே பொத்தான் பூட்டியவர் இப்போது சட்டையைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்து நிற்கிறார். நோய் முற்றிவிட்டதா, அல்லது நாங்கள்தான் பறித்துவிட்டோமா?

உப்புவெளி, ஓய்வுபெற்ற தாதி

மகள், இரண்டும் நடக்கக்கூடியவை. இந்த மாற்றம் சில நாட்களுக்குள் திடீரென்று வந்திருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய குளிசை, விழுந்து தலையில் அடிபட்டதால் உண்டான இரத்தக்கசிவு ஆகியவை முதியவர்களின் நிலையை வெகு விரைவாக மோசமாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

அன்றாட இயலுமையை அளக்க 1963இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், எழுந்து இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்று ஆறு செயல்கள் உள்ளன. பெரும்பாலும் குளிப்பதில்தான் முதலில் தடுமாற்றம் வரும். கையால் எடுத்துச் சாப்பிடுவது கடைசிவரை நிற்கும். ஆகவே ஊட்டுவதை இன்றே நிறுத்திப் பாருங்கள்.

உடுத்துவது ஒரே வேலை அல்ல. சட்டையைத் தெரிவுசெய்வது, முன்பக்கம் பின்பக்கம் அறிவது, கையை நுழைப்பது, பொத்தான் பூட்டுவது என்று பிரித்துப் பார்த்தால், அவர் தடுமாறுவது எந்தப் படியில் என்று தெரியும். அந்தப் படியில் மட்டும் கைகொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் மிகக் கடினம். வார்ட்டில் எனக்கே அது எளிதில் வரவில்லை.

மூதூர், அம்மாவைப் பராமரித்த மகன்

தாதி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சகோதரி, அண்ணாவின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். எரிவாயு அடுப்பும் குளிசைகளும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். கோவிலுக்கு ஒருவர் துணையாகப் போகலாம்.

என் அம்மா கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தவுடன் அலறுவார். குளிப்பதையே வெறுக்கிறார் என்று பல மாதங்களாக நினைத்திருந்தோம். ஒருநாள் பேணியை அவர் கையிலேயே கொடுத்தபோது, முதலில் காலில், பிறகு முழங்காலில் என்று தானே வார்த்துக் குளித்து முடித்தார். எதிர்பாராமல் தலையில் விழும் தண்ணீருக்குத்தான் பயந்திருக்கிறார். எத்தனை காலைகளை வீணாகச் சண்டையில் கழித்தோம் என்று இன்றும் மனம் வருந்துகிறது.

உவர்மலையிலிருந்து ஒரு மகள்

இருவருக்கும் நன்றி. நேற்று நான் அரையடி பின்னால் நடக்க, கோட்டை வாசல்வரை அப்பாவே வழிகாட்டினார். அங்கே நின்றுவிட்டார், கையைப் பிடித்ததும் ஏறினார். இன்று காலை மேல் பொத்தானை மட்டும் நான் பூட்டினேன். மற்றவற்றை அவர் பூட்டி முடிக்க 12 நிமிடங்கள் சென்றன. அண்ணா இரண்டு முறை எழுந்தார், ஆனால் கை நீட்டவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை கிடைக்கும்.