மறுமொழி: உள்ளூர்க்காரங்களுக்கான பார்க்கிங் பர்மிட் – 'தெருவார் அட்டை' சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம், தெருவுல வசிக்கிறவங்க பொது ரோட்டுல வண்டி விடறதுக்கான பர்மிட் கேட்டு நாம கொடுக்கப்போற மனுவுல அதுக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம், நான் சொன்னது 'தெருவார் அட்டை'. அதுக்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'குடியிருப்போர் வாகன நிறுத்த அனுமதிச் சீட்டு'ன்னே வச்சிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணா, ஆனா யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. மனுவுல ஒரு தடவ எழுதுவோம், மறுநாள்லேர்ந்து திரும்ப 'பர்மிட்'டுதான். அதோட 'குடியிருப்பு'ன்னாலே இப்ப நம்ம ஜனத்துக்கு அபார்ட்மெண்ட்தான் ஞாபகம் வருது, கீழ கோடு போட்டு ஃப்ளாட் நம்பர் எழுதி வச்ச எடம்னு நெனச்சிக்குவாங்க. நாம பேசுறது பொது ரோட்டுல நிக்கிற வண்டிய பத்தி.

இந்த பர்மிட் முறை மத்த நாடுகள்ல எப்படி நடக்குதுன்றத மொதல்ல சரியா புடிச்சிக்கணும். இங்கிலாந்துல டூரிஸ்ட் அதிகமா வர்ற சின்ன ஊருங்கள்ல சீசன் வந்தா வெளியூர் காருங்க தெருவ அடைச்சிக்கும், அதனால கவுன்சில் பக்கத்து பக்கத்து தெருக்கள சேத்து ஒரு எல்லை போட்டு அங்க வசிக்கிறவங்க வண்டிக்கு பர்மிட் கொடுக்குது, வெளியூர்க்காரங்க கொஞ்ச நேரம் விடலாம் இல்லனா காசு கட்டுற பார்க்கிங்குக்கு போகணும், வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு பல ஊர்ல தனியா சீட்டு உண்டு. அங்க வசிக்கிறாங்களா, வண்டி எதுன்றதுதான் கணக்கு, சொந்த வீடா வாடகை வீடான்றது இல்ல. அமெரிக்காவுல ஆர்லிங்டன் கவுண்டில இதே மாதிரி கொண்டுவந்தப்ப வெளியாளுங்கள பாரபட்சமா நடத்துறாங்கன்னு கேஸ் போய், 1977ல அங்க உச்ச நீதிமன்றமே இது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா பொதுவா பர்மிட் இருக்குன்றதுக்காக 'இந்த எடம் என்னுது'ன்னு ஆகாது. எங்க காலியோ அங்க விடணும், காலி இல்லன்னா இல்லதான்.

இத அழுத்தி சொல்றதுக்கு காரணம் நம்ம திருவொற்றியூர் நிலைமை. பௌர்ணமின்னா மேலூர் திருவுடையம்மன், நம்ம வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு மூணு கோயிலையும் ஒரே நாள்ல பாக்க கார் கட்டிக்கினு வர்றாங்க, கார்த்திகை பௌர்ணமிக்கு நம்ம கோயில் மூலவர் ஆதிபுரீஸ்வரர் மேல இருக்கிற கவசத்த தொறக்கிற மூணு நாளும் சன்னதி தெருவுல சைக்கிள் கூட திரும்பாது. வர்றவங்கள குத்தம் சொல்லல, சாமி பாக்க வர்றாங்க, வரட்டும். ஆனா அதுக்கு பயந்து ஜனங்க என்ன பண்றாங்க? பெயின்ட் டப்பாவுல சிமெண்ட் ஊத்தி நடுவுல கம்பி நட்டு வாசலுக்கு நேரா ரோட்டுல வச்சிடறாங்க, சில எடத்துல ஒடஞ்ச சேரு, அதுக்கு மேல 'வண்டி நிறுத்தினால் காத்து புடுங்கப்படும்'னு அட்டை. இதுல மொத அடி மாடியில வாடகைக்கு இருக்கிறவங்களுக்குத்தான், அவங்க பைக்க விட தெரு முனைக்கு போவணும். இந்த ஊர்ல போயி 'நிறுத்த உரிமை', 'இட ஒதுக்கீடு', 'மனை நிறுத்தம்'னு ஒரு வார்த்தைய எறக்கினா டப்பா வச்சவங்க அதையே சட்டமா புடிச்சிக்குவாங்க. அதனாலதான் வார்த்தையில வீடும் வேணாம், எடமும் வேணாம், தெருவுல இருக்கிற மொத்த ஜனமும் வரணும்னு கேக்கிறேன்.

ஊரார், நாட்டார், வீட்டார் மாதிரி தெருவார். அவங்களுக்கு கொடுக்கிறது தெருவார் அட்டை. ஓனரும் தெருவார்தான், வாடகைக்காரரும் தெருவார்தான்.

> பார்க்கிங்குக்கான சொல்லே இதுல இல்லையே? 'தெருவார் தரிப்பு' நல்லா இருக்கும்.

அக்கா, இலங்கையில வாகனத் தரிப்பிடம்னு போர்டே வைக்கிறாங்க, எனக்கும் புடிச்ச சொல்லுதான், ஆனா இங்க 'தரிப்பு'ன்னா கருத்தரிப்புதான் மொதல்ல காதுல விழும். 'தெருவார் நிறுத்தம்'னா வேலை நிறுத்தம் மாதிரி தெருவே போராட்டம் பண்ணுதோன்னு தோணும். 'குடும்ப அட்டை'ன்ற பேர்ல அரிசி, சக்கரைன்னு எந்த சொல்லும் இல்ல, ஆனா எதுக்குன்னு தெரியாதவங்க யாரு? அதே மாதிரி இதுவும் பொழக்கத்துல வந்துடும். "வண்டிக்கு தெருவார் அட்டை இருக்கா?"ன்னு டிராபிக் போலீஸ்காரர் கேக்கிறத மனசுல ஓட்டிப் பாருங்க, இடறவே இல்ல.

> 'இ-பாஸ்' மாதிரி ஒரே சொல்லா வச்சா என்ன?

அது வேற விஷயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7லேர்ந்து இருக்கிற இ-பாஸ் ஊருக்குள்ள நுழையறதுக்கு, நின்னுக்கிறதுக்கு இல்ல. ஜப்பான் முறையும் வேற, அங்க 1962லேர்ந்து சட்டம் இருக்கு, கார் பதிவு பண்ணணும்னாலே நிறுத்த எடம் காட்டணும், அதுக்கு 'இடச்சான்று' பொருந்தும். மூணையும் கலக்காம தனித்தனி சொல் வச்சிக்கலாம்.

பாக்கி ஒண்ணுதான், அட்டை செல்லுபடியாகிற தெருக்கூட்டத்துக்கு என்ன பேரு? 'வட்டாரம்'னா வண்டி விஷயத்துல வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் குறுக்க வரும், 'வட்டம்' தாலுகா, 'மண்டலம்' ஏற்கனவே மாநகராட்சி எடுத்துக்கிச்சு, 'தொகுதி' தேர்தலுக்கு. 'தெருக்கட்டு'ன்னு ஒண்ணு தோணுது, ஆனா தடுப்பு கட்டுறாங்கன்னு படுமோன்னு சந்தேகம். மனுவ இந்த வாரக் கடைசியில மண்டல ஆபீஸ்ல குடுக்கணும், அதுக்குள்ள வேற நல்ல சொல் இருந்தா எழுதுங்க.