புவிவெப்பத் தேக்கத்தில் குறையும் கார்பன் டை ஆக்சைடு: காரணத்தைப் பிரித்தறிய உதவி தேவை

வணக்கம். துருக்கியில் 1984 முதல் மின்சாரம் தரும் கிசில்டெரே களம் போன்ற, கார்பனேட் பாறையில் (சுண்ணாம்புக்கல் வகை) அமைந்த புவிவெப்பத் தேக்கம் (நிலத்தடியில் வெந்நீர் தங்கியிருக்கும் பாறை அடுக்கு) ஒன்றுக்குக் கணினி மாதிரி அமைத்து வருகிறேன். இத்தகைய களங்களில் ஆழ்நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, உற்பத்தி தொடங்கியபின் ஆண்டுக்கு ஆண்டு குறைவது தெரிந்ததே. ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு பங்கு தேக்கத்திலேயே நீர் கொதித்து வாயு ஆவியோடு பிரிவதால் வருகிறது, எவ்வளவு பங்கு வாயு நீங்கிய நீரை மீண்டும் உட்செலுத்துவதால் வருகிறது என்பதைப் பிரிக்க முடியாமல் திணறுகிறேன்.

இவ்விரு காரணங்களைப் பிரித்தறிய, முதலில் நீரில் கரைந்திருக்கும் குளோரைடின் அளவை நம்பினேன். ஆவி பிரிந்தபின் எஞ்சும் நீரில் குளோரைடு செறிவடைவதால், கொதித்தாலும் உட்செலுத்தினாலும் அது உயரத்தான் செய்கிறது. ஆகவே அது தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. (இதை உணரவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.) ஹைட்ரஜன் சல்பைடு நீரில் கூடுதலாகக் கரையும் என்பதால், இரு வாயுக்களின் விகிதம் கொதிப்பைக் காட்டிக்கொடுக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொண்ட வெற்றிடக் குடுவையில் ஆவியைப் பிடிக்கும்போது இவ்விரண்டும் கரைசலிலேயே தங்கிவிடுவதால், அளவீடு கைவசம் உள்ளது.

இன்னொரு சிக்கல், கிணற்றுக்குள் வாயு வெளியேறியதும் நீரின் காரத்தன்மை கூடி, குழாய்ச் சுவரில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) வெள்ளையாகப் படிவது. இதைத் தடுக்கும் வேதிப்பொருளான படிவுத் தடுப்பானைச் செலுத்தும் குழாயின் முனை கொதிப்பு தொடங்கும் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வாயு குறையக் குறைய அந்த ஆழமும் மேலேறுகிறது. மாதிரியில் இதைக் காலத்தோடு மாறும் எல்லையாக எப்படி வைப்பது? இவ்விரு கேள்விகளிலும் களத்திலோ மாதிரியாக்கத்திலோ அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.