ஒன்பது ஊர் ஆறானது: தோழியோடு போட்ட ஐரோப்பிய ரயில் கணக்கு

போன வைகாசியில் தேவகோட்டையில் என் தோழி வீட்டு முகப்பில், நடுவில் ஐரோப்பா வரைபடத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் 54 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். பிள்ளைகள் அவரவர் வேலைக்குப் போன பிறகு, "நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு தடவை எங்கயாச்சும் போயிட்டு வருவோம்டி" என்று ஆரம்பித்தது அவள். கூட்டத்தோடு பஸ்ஸில் போகும் டூர் வேண்டாம், ரயிலிலேயே சுற்றுவோம் என்றது நான். புரட்டாசியில் போய்விட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று சொந்தத்தில் பலரும் கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் கொண்டுபோன பட்டியலில் ஒன்பது ஊர்: ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், சூரிச், வியன்னா, ப்ராக், வெனிஸ், புளோரன்ஸ், ரோம். இருந்ததோ 14 ராத்திரி. அவள் வீட்டுக்காரர் கடைக்குக் கணக்கு எழுதுகிறவள். ஒரு தாளை எடுத்து ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போடுகிற மாதிரி கோடு கிழித்தாள். பணத்தை எழுதவில்லை, மணி நேரத்தை எழுதினாள். எட்டு தடவை பெட்டி கட்டணும், எட்டு தடவை புது ஊரில் ஹோட்டலைத் தேடணும், ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதிப் பொழுது போய்விடும். கூட்டிக் காட்டிவிட்டு, "பார்க்கறதுக்கு மிச்சம் எங்கடி இருக்கு?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

அப்புறம் நான் கேட்டேன், "சரி, உனக்கு என்னதான் பார்க்கணும்?" அவள் உட்கார்ந்திருந்த தரையைத் தட்டிக் காட்டினாள். அவள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் கொண்டுவிற்று, வட்டித் தொழில் செய்து, கட்டிய வீடு அது. தூணெல்லாம் பர்மா தேக்கு, முகப்பில் பாவியிருப்பது இத்தாலிக் கல். "இந்தக் கல்லு வெட்டுற மலையைப் பார்க்கணும்." நாற்பது வருஷத்துக்கு மேல் பழகியிருக்கிறேன், இப்படி ஓர் ஆசை அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது. அங்கேயே பட்டியலைக் கிழித்துப் போட்டோம். அவளுக்குக் கல், எனக்கு மலை ரயில். இந்த இரண்டும் வரிசையாக அமைகிற வழி எதுவோ அதுதான் பயணம் என்று முடிவானது. பாரிஸ் 3 ராத்திரி, சூரிச் 3, மிலான் 1, லா ஸ்பெசியா 2, புளோரன்ஸ் 2, ரோம் 3. பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறுவது. வந்த வழியே திரும்பிப் போகிற ஒரு நாள் மிச்சமானது.

விசா விஷயத்தில் ஒரு குழப்பம் வந்தது. முதலில் கால் வைக்கிற நாட்டில்தான் மனுப் போடணும் என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியில்லை. ஷெங்கன் விசா என்பது ஐரோப்பாவில் பல நாட்டுக்கும் சேர்த்துத் தருகிற ஒரே விசா. அதற்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்கணும். இரண்டு நாட்டில் நாள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழைகிற நாடு. எங்களுக்கு இத்தாலியில் 8 ராத்திரி, அதனால் இத்தாலி. கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே மனுப் போடலாம். நாங்கள் ஆனியில் போட்டோம். ஹோட்டல்களைக் கட்டணமில்லாமல் ரத்து செய்கிற வகையில் பதிந்துகொண்டு, விசா கைக்கு வந்த பிறகுதான் ரயில் டிக்கெட் வாங்கினோம். மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பி வராது, அதனால் இந்த வரிசை முக்கியம்.

பல நாட்டு ரயிலுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். 33 நாட்டுக்குச் செல்லும் என்றதும் மனசு போகத்தான் செய்யும். ஆனால் பிரான்ஸின் வேக ரயிலிலும் இத்தாலியின் வேக ரயிலிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்யணும். இத்தாலியில் உள்ளூர் ரயில்களின் கட்டணமோ கம்மி. எங்கள் வழிக்கு ஒவ்வொன்றாக வாங்கியதே லாபமாக இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா என்று முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்களில் நினைத்தபோது ஏறி இறங்கப் போகிறவர்களுக்குப் பாஸ் நல்லது. சுவிட்சர்லாந்துக்கு மட்டும் பாதிக் கட்டண அட்டை எடுத்துக்கொண்டோம்.

சூரிச்சிலிருந்து மிலானுக்கு நேர் ரயில் மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அது 2016இல் திறந்த கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் வழியாகப் போகிறது. 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். பெருமைதான். ஆனால் தோழி கேட்டாள், "இருட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" அதனால் 1882இல் திறந்த பழைய மலைப்பாதையில் போகிற ரயிலைப் பிடித்து, பெல்லின்சோனாவில் மாறி மிலான் போனோம். நேரம் கூடுதல்தான். வாஸன் என்ற சின்ன ஊரில் ஒரு வெள்ளைத் தேவாலயம். முதலில் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தெரிகிறது. ரயில் மலைக்குள்ளே வளைந்து ஏறி வெளியே வந்தால் அதே தேவாலயம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. மறுபடி ஒரு சுரங்கம், மறுபடி வெளிச்சம், இப்போது அதன் கூரை நமக்குக் கீழே. மூன்றாவது தடவை பார்த்தபோது என் தோழி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். என் ஆசைக்காக எடுத்த வழி, அவளுக்கும் பிடித்துப்போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் அவளுடைய நாள் வந்தது. லா ஸ்பெசியாவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் கர்ராரா-அவென்சா, அந்த இத்தாலிக் கல் வெட்டுகிற கர்ராரா ஊருக்கான நிலையம். இறங்கியதும் மலை உச்சியெல்லாம் பனி என்று நினைத்தேன். பனி இல்லை, வெட்டிய கல்லின் வெள்ளை. அங்கிருந்து ஊருக்கு பஸ், ஊரிலிருந்து குவாரிக்கு வண்டி. மலையைப் பாளம் பாளமாகப் படிக்கட்டு போல வெட்டியிருக்கிறார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அறுத்துவைத்த ஒரு பாளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடுகிற கல். வெயில் பட்டும் ஜில்லென்றுதான் இருந்தது. சித்திரை மத்தியானத்தில் அவள் அப்பத்தா பாய்கூடப் போடாமல் முகப்பில் படுத்திருப்பார், அதைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். இரண்டு நாள் கழித்து புளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலை முன்னால் நின்றோம். 17 அடி உயரம், 1501லிருந்து 1504 வரை செதுக்கியது, கர்ராரா கல். ரோமில் புனித பேதுரு பேராலயத்திலுள்ள பியத்தாவும், இறந்த ஏசுவை மாதா மடியில் ஏந்தியிருக்கிற அவருடைய சிலை, அதே கல்தான். ஒரே கல்லின் பின்னாலேயே மூன்று ஊர் போயிருக்கிறோம்.

பணத்துக்கு ஒரு சுருக்குப் பை வைத்துக்கொண்டோம். தலைக்கு 300 யூரோ போட்டு, சாப்பாடு, பஸ், தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. ராத்திரி படுக்கும் முன் சிட்டையில் எழுதிவிடுவாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு, எனக்கு வேகமாக நடக்கிற பழக்கம். தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் அவரவர் பாட்டில் இருப்பது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம். அவள் காபி குடித்துக்கொண்டு உட்காருவாள், நான் தெருத் தெருவாக நடப்பேன். 14 நாளில் ஒரு மனத்தாங்கல்கூட வரவில்லை.

*

காரைக்குடி அன்பர் எழுதியது:

அக்கா, படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. கல்லூரி நண்பனும் நானும் வெனிஸ் போனபோது, வெனிசியா என்று பலகையைப் பார்த்தவுடன் பெட்டியோடு குதித்துவிட்டோம். வெளியே வந்தால் தண்ணீரையும் காணோம், படகையும் காணோம். அது வெனிசியா மெஸ்த்ரே, கரையில் இருக்கிற நிலையம். தீவுக்குள் இருப்பது வெனிசியா சாந்தா லூச்சியா. அடுத்த ரயிலில் ஏறினால் பத்து நிமிஷம்தான், இரண்டு பக்கமும் கடல் நீர், நடுவில் தண்டவாளம். பாம்பன் பாலத்தில் போகிற நினைப்புத்தான் வந்தது. 1846இல் கட்டிய பாலமாம். இன்னொன்று, அங்கே ஊர்ப் பெயரெல்லாம் அவரவர் மொழியில்தான் எழுதியிருக்கும். புளோரன்ஸ் என்று தேடினால் கிடைக்காது, பிரென்ஸே என்றிருக்கும். வியன்னா, வீன். மியூனிக், மூன்ஷென். கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கிற இயந்திரத்தில் முத்திரை குத்தணும். நண்பன் மறந்துவிட்டு அபராதம் கட்டினான்.

*

கோட்டையூர் ஆச்சி ஒருவர் எழுதியது:

நானும் என் தங்கை முறைத் தோழியும் போனபோது பெட்டியில் பாதி பலகாரம். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், பருப்புப் பொடி எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தது, ரயிலில் அதுதான் கைகொடுத்தது. ஆனால் உப்புக்கண்டம் எடுத்துப் போகாதீர்கள். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, நெய் டப்பாவும் அதில் சேர்த்தி. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்குத் தடையில்லை. பெட்டி மட்டும் சின்னதாக இருக்கட்டும். அங்கே சுமை தூக்க ஆள் கிடையாது, சில ரயில் பெட்டிகளில் ஏற மூன்று படி இருக்கும். ரயில் மாற ஏழு நிமிஷம்தான் என்று காட்டினால் அடுத்த ரயிலையே பாருங்கள். நாங்கள் அரை மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்கவில்லை.

*

முதலில் எழுதியவர்:

ஆச்சி, பெட்டி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள் தலைக்கு ஒரு சின்னப் பெட்டிதான் கொண்டுபோனோம். வரும்போது அவள் பெட்டியில் மட்டும் கொஞ்சம் கனம் கூடியது, குவாரிக் கடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் வாங்கியிருந்தாள். ஊருக்கு வந்த அன்றைக்கே முகப்புத் தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வெள்ளை, அதே நரம்பு. அவள் அப்பத்தா அப்போது படுத்திருந்த இடத்தில், சுவர் ஓரமாக இப்போது அந்தக் கல் இருக்கிறது.