ஏற்காட்டு ஈரத்தில் உப்பிய எம்.டி.எஃப். அலமாரி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையால் செய்த சமையலறை அலமாரி, இரண்டு மழைக்காலம் முடிவதற்குள், எட்ஜ் பேண்ட் (வெட்டிய விளிம்பை மூடும் மெல்லிய பட்டை) ஒட்டாமல் விட்ட அடிவிளிம்பில் மட்டும் தேநீரில் நனைத்த ரொட்டியைப் போல உப்பிவிட்டது. அங்கே கீல் திருகுகளும் பிடிப்பை இழந்துவிட்டன. மரநாரைப் பிசினுடன் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யும் இப்பலகை, வெட்டிய விளிம்பின் வழியாகத்தான் அதிகம் ஈரம் குடிக்கும் என்பதைத் தாமதமாகவே அறிந்தேன் (பெயின்ட் அடித்த முகப்பு இன்றும் வழவழப்பாகவே இருக்கிறது, ஆகவே ஆசாரியைக் குறை சொல்ல மனம் வரவில்லை). உப்பிய பகுதியை அறுத்தெடுத்து ஒட்டுப்பலகைத் துண்டு பொருத்தினால் நிற்குமா, அல்லது கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியை ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகையில் புதிதாகச் செய்வது நல்லதா? மலைப்பகுதியில் வேலை செய்து பழகியவர்களும், சேலத்தில் எட்ஜ் பேண்டை இயந்திரத்தில் ஒட்டித்தரும் பட்டறையை அறிந்தவர்களும் தெரிவித்து உதவுங்கள்.