என் 512 கேபி ஃபாஸ்ட் ரேமைக் காணோம்: 2.3 அப்டேட் பற்றி

பழைய_ஈயம்
ஏழு_மெகாஹெர்ட்ஸ் தம்பி நம் குழுவுக்காகப் புதுப்பித்து வரும் சிஸ்டம் தகவல் கருவியின் 2.3 பதிப்பை இறக்கி என் பழைய வீட்டுக் கணினி அமிகா 500இல் ஓட்டினேன். திரையில் 'ஃபாஸ்ட் ரேம்: 0' என்று வருகிறது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, 'ஸ்லோ ரேம்: 512 கேபி'. 2.2 பதிப்பு வரை இதே 512 ஃபாஸ்ட் என்றுதான் வந்தது. நடுவில் நான் மெஷினைத் திறக்கவே இல்லை.

அப்டேட் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "மெஷினின் அடிக்கதவில் சொருகும் 512 கேபி இனி ஸ்லோ என்று காட்டப்படும். இத்தனை காலம் அதை ஃபாஸ்ட் என்று நம்பியவர்கள் மன்னிக்கவும்." மன்னிக்கவுமாம்! யார் கேட்டார்கள் மன்னிப்பு?

நான் ஏ501 அட்டையை, அதாவது இந்த 512 கேபியை, தேசிய சேவை அலவன்ஸில் மிச்சம் பிடித்து வாங்கியவன். கட்டளை தட்டும் ஷெல்லில் 'அவெய்ல்' என்று தட்டுங்கள், நினைவகக் கணக்கைக் காட்டும். சிப், ஃபாஸ்ட், டோட்டல் என்று வரிகள் வரும். என் 512 ஃபாஸ்ட் வரியில்தான் நிற்கும். மெஷினைச் செய்த கமடோரே ஃபாஸ்ட் என்கிறது. கம்பெனி 1994இல் திவாலானால் அது சொன்னதெல்லாம் செல்லாமல் போய்விடுமா?

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
அண்ணே, 'அவெய்ல்' சொல்வது உண்மைதான், ஆனால் அதற்கு இரண்டே பெட்டிதான் தெரியும். படம், ஒலி சிப்புகளும் தொடக்கூடியது சிப், மற்றதெல்லாம் ஃபாஸ்ட். உண்மையான ஃபாஸ்ட் என்றால் பிராசஸர் மட்டும் தனி வழியில் காத்திருக்காமல் எடுப்பது. அது வேகத்தை அளந்து பார்ப்பதில்லை.

அடிக்கதவு அட்டை சி00000 முகவரியில் உட்காருகிறது. ஆனால் மின்சுற்றில் அது சிப் ரேம் இருக்கும் அதே பஸ்ஸில்தான் (தரவுப் பாதையில்தான்) தொங்குகிறது. அக்னஸ் சிப் திரைக்காக நினைவகத்தைப் படிக்கும்போது 68000 பிராசஸர் காத்திருக்க வேண்டும், அந்த அட்டையில் இருப்பதைத்தான் கேட்கிறது என்றாலும். அதே சமயம் படம், ஒலி எதையும் அக்னஸால் அங்கிருந்து எடுக்க முடியாது. சிப் ரேமின் தொல்லை உண்டு, பயன் கிடையாது. ஃபாஸ்ட் ரேமின் பெயர் உண்டு, வேகம் கிடையாது. அதனால்தான் ஸ்லோ என்று மாற்றினேன்.

தேக்கா_முனை
முகப்பில் எக்ஸ்பிரஸ் என்று போட்டுவிட்டு சிராங்கூன் ரோட்டில் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் பேருந்து. புரிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.

பழைய_ஈயம்
பேருந்து உதாரணம் கேட்டேனா? ஒரே கேள்விதான் கேட்கிறேன். 'அவெய்ல்' ஃபாஸ்ட் என்கிறதா இல்லையா? ஆம் அல்லது இல்லை.

இன்னொன்று. அமிகாவின் இயங்குதள வட்டான 1.3 வொர்க்பெஞ்சில் 'நோஃபாஸ்ட்மெம்' என்று ஒரு நிரல் இருக்கிறது. பழைய விளையாட்டுகள் அடம்பிடித்தால் ஃபாஸ்ட் ரேமை மறைப்பதற்காகக் கமடோர் கொடுத்தது. அதை ஓட்டினால் என் 512 மறைந்துவிடும். ஃபாஸ்ட் ரேம் அல்லாத ஒன்றை 'நோஃபாஸ்ட்மெம்' எப்படி மறைக்கும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்டேட் போடட்டும்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
அதே 1.3 வட்டில், அதே இடத்தில், 'ஃபாஸ்ட்மெம்ஃபர்ஸ்ட்' என்றும் ஒரு நிரல் இருக்கிறது. அது எதற்கு அண்ணே? பக்கவாட்டு ஸ்லாட்டில் உண்மையான ஃபாஸ்ட் ரேம் இருந்தால் அதை முதலில் எடு, சி00000 நினைவகத்தைக் கடைசியில் எடு என்று வரிசையை மாற்றுவதற்கு. இரண்டும் ஒன்றென்றால் கமடோர் ஏன் இப்படி ஒரு நிரலைத் தனியாக எழுத வேண்டும்?

பழைய_ஈயம்
வரிசை மாற்றுவது வேறு, பெயர் மாற்றுவது வேறு. இரண்டு பிள்ளைகளில் ஒருவனை முன்னால் நிறுத்தினால் மற்றவன் என் பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா? 'அவெய்ல்' என்ன சொல்கிறது? இன்னும் பதில் வரவில்லை.

எஸ்டி_விசுவாசி
வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கிறது. எங்கள் அட்டாரி எஸ்டி கணினியில் இந்தத் தொல்லையே இல்லை. ரேம் என்றால் ரேம். 8 மெகாஹெர்ட்ஸ். பிஏஎல் தொலைக்காட்சி முறைக்கான அமிகா 7.09 தானே? அதில் எந்த ரேம் போட்டால் என்ன.

தேக்கா_முனை
வந்துவிட்டார். கதவைத் திறந்தது யார்?

பழைய_ஈயம்
7.09 ஆ? நான் வைத்திருக்கும் பழைய பத்திரிகை எல்லாவற்றிலும் 7.16 என்றுதான் போட்டிருக்கிறது. இந்தக் கருவி அதையும் 7.09 என்று குறைத்துக் காட்டுகிறது. 2.3 பதிப்பின் நோக்கமே நம் மெஷின்களைக் குறைத்துக் காட்டுவதுதான் போல.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
7.16 என்பது அமெரிக்காவின் என்டிஎஸ்சி மெஷினுக்கு. சிங்கப்பூர் அப்போது பிஏஎல் நாடு, இங்கே விற்றதும் பிஏஎல் மெஷின். 7.09 தான் சரி. இதை 2.3இல் மாற்றவில்லை, முதலிலிருந்தே அப்படித்தான் காட்டுகிறது.

எஸ்டி_விசுவாசி
7.09 என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அது போக, இசைக் கருவிகளை இணைக்கும் மிடி போர்ட் இருக்கிறதா உங்களிடம்?

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
உங்கள் அட்டாரியின் டிடி மாடலில் எஸ்டி ரேம், டிடி ரேம் என்று இரண்டு வகை இருந்ததே? 'ரேம் என்றால் ரேம்' என்றீர்கள்.

எஸ்டி_விசுவாசி
டிடி 1990இல் வந்தது. அது வேறு கணக்கு. என்னிடம் டிடி இல்லை, ஆகவே எனக்குக் கவலையும் இல்லை.

கோப்பி_கோசோங்
நான் கேட்க வந்தது வேறு. இந்த 2.3 என் மெஷினில் திறக்கவே மாட்டேன் என்கிறது. என்னிடம் ரோமில் இருப்பது கிக்ஸ்டார்ட் 1.3, இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதி. நூலகம் 37 வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. 37 என்றால் கிக்ஸ்டார்ட் 2.04. 1.3 என்பது 34.

யோசித்துப் பாருங்கள். அடிக்கதவில் 512 வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் 1987க்குப் பிறகு வாங்கிய பழைய 500காரர்கள், 1.2 அல்லது 1.3இல் இருப்பவர்கள். 'ஸ்லோ' என்ற செய்தி யாருக்காகவோ அவர்கள் மெஷினில் கருவி ஓடாது. அப்புறம் யாருக்குச் சொல்கிறீர்கள்?

தேக்கா_முனை
பழைய_ஈயம் அண்ணனுக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறார் போலும்.

பழைய_ஈயம்
சிரிக்க வேண்டாம். என்னிடம் 1.3, 2.04 இரண்டு ரோமும் ஸ்விட்ச் போட்டு இருக்கிறது. அந்த ஸ்விட்சை நானே ஈயம் பற்ற வைத்துப் பொருத்தினேன், யாரிடமும் கொடுத்துச் செய்யவில்லை.

கோப்பி_கோசோங் கேட்டது சரியான கேள்வி. 2.2 பதிப்பு 1.3இல் ஓடியது. ஃபாஸ்ட் என்றும் சரியாகச் சொன்னது. 2.3 ஓடவும் இல்லை, சரியாகச் சொல்லவும் இல்லை.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
37 கேட்பது என் தவறான முடிவு இல்லை. புதிய மெனுக்களை 34இல் எழுத வேண்டுமானால் பாதி நிரலை நானே கையால் கட்ட வேண்டும். இலவசமாகச் செய்கிறேன், அதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்லோவா ஃபாஸ்டா என்று சந்தேகம் இருப்பவர்கள் நீங்களே சோதித்துப் பாருங்கள். 640 அகலத் திரையை 16 வண்ணத்தில் வைத்து, ஏதாவது கணக்குப் போடும் நிரலை ஓட்டுங்கள். அடிக்கதவு ரேமில் அது தவழும். திரைக்கு வரி வரைந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க பஸ் அக்னஸின் கையில். அதே நிரல் பக்கவாட்டு ரேமில் இருந்தால் திரை எதைச் செய்தாலும் அதற்குக் கவலை இல்லை.

பழைய_ஈயம்
செய்தேன். சாதாரண வொர்க்பெஞ்ச், நான்கு வண்ணம். பக்கவாட்டில் மாட்டும் ஏ590 ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இருக்கும் 2 எம்பியில் ஒரு தடவை, அடிக்கதவு 512இல் ஒரு தடவை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியானால் இரண்டும் ஃபாஸ்ட். முடிந்தது.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
16 வண்ணம் என்று சொன்னேன்.

பழைய_ஈயம்
நான் நான்கு வண்ணத்தில்தான் வேலை செய்கிறேன்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
நான்கு வண்ணத்தில் திரைக்குத் தேவையான சுழற்சிகளும் 68000க்குத் தேவையானவையும் மோதிக்கொள்ளாது. அப்போது சிப் ரேம்கூட அதே வேகத்தில்தான் ஓடும். உங்கள் கணக்குப்படி சிப் ரேமையும் ஃபாஸ்ட் என்று காட்டட்டுமா?

பழைய_ஈயம்
'அவெய்ல்' சிப் ரேமைச் சிப் என்கிறது. 512ஐ ஃபாஸ்ட் என்கிறது. நான் அதைத்தான் சொல்கிறேன். நீங்கள்தான் வண்ணம், வரி, சுழற்சி என்று ஊரைச் சுற்றுகிறீர்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன், அட்டை போட்ட அன்றே விளையாட்டெல்லாம் வேகமானது. என் தம்பி சாட்சி.

கோப்பி_கோசோங்
அது வேகமானதல்ல அண்ணே. இடம் கூடியதால் வட்டை அடிக்கடி படிக்க வேண்டியதில்லை. டிரைவ் சத்தம் குறைந்தால் எல்லாருக்கும் வேகம் மாதிரித்தான் தெரியும்.

பழைய_ஈயம்
என் வீட்டில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஈசூன்_புதியவன்
வணக்கம். இந்த உலகத்துக்கு நான் புதிது. ஆன்லைனில் ஒருவரிடம் 500 ஒன்று வாங்கினேன். பேட்டரி எல்லாம் சுத்தம் என்று சொல்லித்தான் விற்றார். அடிக்கதவைத் திறந்தால் அட்டையில் நீல நிறப் பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது. கருவியில் 512ஐயே காணோம், ஃபாஸ்டும் இல்லை, ஸ்லோவும் இல்லை. என்ன செய்வது?

தேக்கா_முனை
சண்டையே இல்லாத மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

கோப்பி_கோசோங்
தம்பி, முதலில் அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். கடிகாரத்துக்காக வைத்தது, நிக்கல் காட்மியம், கசிவது காரம். கொஞ்சம் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், பிறகு தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நன்றாகக் காய வேண்டும், நம் ஊர் ஈரப்பதத்தில் அவசரப்படாதீர்கள். பிறகு தடங்கள் அரித்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். கனெக்டர் ஊசிகளையும்.

பழைய_ஈயம்
வினிகர் தவறு. எலுமிச்சைச் சாறுதான் நல்லது. சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடும் வரை அங்கே வாங்கிய எத்தனையோ அட்டைகளை எலுமிச்சையில்தான் காப்பாற்றினேன்.

கோப்பி_கோசோங்
இரண்டும் அமிலம்தானே அண்ணே. எலுமிச்சையில் சக்கை ஒட்டும்.

பழைய_ஈயம்
வடிகட்டத் தெரியாதவர்களுக்கு ஒட்டும்.

ஈசூன்_புதியவன்
நன்றி. சரியானதும் ஃபாஸ்ட் ரேம் வந்ததா என்று சொல்கிறேன்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
ஸ்லோ.

பழைய_ஈயம்
பார்த்தீர்களா, புதிதாக வந்த பையன்கூட இயல்பாக ஃபாஸ்ட் என்கிறான்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
அவர் உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சொல்கிறார்.

இன்னொரு விஷயம். 8372ஏ வகை அக்னஸ் இருக்கும் போர்டில் ஜம்பரை மாற்றி ஒரு தடத்தை வெட்டினால், இதே அடிக்கதவு 512 சிப் ரேமாக மாறி மொத்தம் 1 எம்பி சிப் ஆகும். அதே அட்டை, அதே சிப்புகள். அக்னஸின் பஸ்ஸில் ஏற்கெனவே இருப்பதால்தான் அது சாத்தியம். உண்மையான ஃபாஸ்ட் ரேமை இப்படி மாற்றிக் காட்டுங்கள், நான் 2.3ஐத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழைய_ஈயம்
மாற்றினால் சிப். அதை நான் மறுக்கவில்லையே. மாற்றாவிட்டால்? மாற்றாவிட்டால் ஃபாஸ்ட். என்னுடையதை மாற்றவில்லை. என் போர்டில் ஒரு தடத்தையும் வெட்ட விடமாட்டேன்.

சவால் விடும் அளவுக்கு நேரம் இருப்பவர், தோ பாயோ சந்திப்பில் ஒரு மணி நேரத்துக்கு என்று வாங்கிய என் ஏ590 அடாப்டரைத் திருப்பித் தரவும் நேரம் ஒதுக்கலாம். நான் இந்தச் சோதனையைச் செய்வதற்கே வேறொருவரிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
அதை அன்றே உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். பலர் பார்த்தார்கள்.

பழைய_ஈயம்
மேசையில் இருந்தது 500இன் அடாப்டர். சதுர பிளக். ஏ590க்கானது இல்லை. ஃபாஸ்ட் ஸ்லோ வித்தியாசம் இவ்வளவு தெரிந்தவருக்கு இரண்டு அடாப்டர் வித்தியாசம் தெரியாதா?

தேக்கா_முனை
அந்த அடாப்டர் என்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது சொல்வது நல்ல நேரமா என்று தெரியவில்லை லா.

மட்டுறுத்தர்
அடாப்டர் விவகாரத்தைத் தனிச் செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். இங்கே 2.3 பற்றி மட்டும்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
சரி. 2.3.1 போட்டிருக்கிறேன். அமைப்புகளில் 'கணினி சொல்வதைக் காட்டு', 'அளந்ததைக் காட்டு' என்று இரண்டு தேர்வு. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கிக்ஸ்டார்ட் 37 இன்னும் தேவை.

கோப்பி_கோசோங்
அப்படியானால் எனக்கு இன்னும் ஓடாது.

பழைய_ஈயம்
இறக்கிப் பார்த்தேன். முதலில் வருவது 'அளந்ததைக் காட்டு'. நான் ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குள் போய் என் ஃபாஸ்ட் ரேமை மீட்டெடுக்க வேண்டுமா? முதலில் வர வேண்டியது 'கணினி சொல்வதைக் காட்டு'. தேர்வு கொடுத்தேன் என்று பெயர், ஆனால் முடிவை அவரே எடுத்துவிட்டார்.

ஏழு_மெகாஹெர்ட்ஸ்
ஒருமுறை மாற்றிச் சேமித்தால் போதும் அண்ணே. அமைப்புக் கோப்பு பூட் வட்டின் எஸ் டைரக்டரியில் இருக்கும்.

பழைய_ஈயம்
என் பூட் வட்டு எழுத்துப் பாதுகாப்பில் இருக்கிறது. அதைத் திறக்கமாட்டேன்.

எஸ்டி_விசுவாசி
எங்கள் மெஷினில் இயங்குதளமே ரோமில் இருக்கிறது, வட்டே வேண்டாம். சும்மா சொன்னேன்.

பழைய_ஈயம்
மட்டுறுத்தர், இவரை முதலில் கவனியுங்கள். அப்புறம் 2.2 பதிப்பின் பழைய இணைப்பைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அதை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.