31 ஸ்வர பியானோ ரோல்: திரையில் அடங்கவில்லை, சுருதியும் கேட்கவில்லை

கேள்வி:
ஸ்தாயியை 31 சம பங்காகப் பிரிக்கும் அமைப்புக்கு (ஒரு படி 38.71 சென்ட்; ஒரு ஸ்தாயி 1200 சென்ட்) பியானோ ரோல் (ஸ்வரங்களை வரிசைகளில் காட்டும் திரை) எழுதுகிறேன். ஐந்து ஸ்தாயிக்கு 155 வரிசை. ஒன்றுக்கு 12 பிக்சல் கொடுத்தாலே 1860 ஆகிறது. எந்த வரிசை எந்த ஸ்வரம் என்றும் பிடிபடவில்லை. எம்பிஇ (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி மிடி சேனல் தரும் முறை) வழியாக சிந்தசைசருக்கு (சிந்த்) அனுப்பினால் வழக்கமான 12 ஸ்வரமாகவே கேட்கிறது. ஸ்வரங்களை மிடி எண், பெண்ட் (சுருதியை ஏற்றி இறக்கும் அளவு) என்று சேமிக்கிறேன்.

பதில் 1:
பெண்ட் வீச்சு பொருந்தவில்லை. நீங்கள் ±48 அரைஸ்வரத்துக்குக் கணக்கிட்டு அனுப்ப, சிந்த் ±2-இல் இருந்தால் 38.71 சென்ட் 24 மடங்கு சுருங்கி 1.6 ஆகிவிடும். காதுக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே ஆர்பிஎன் 0 (பெண்ட் வீச்சை அமைக்கும் மிடி கட்டளை) அனுப்புங்கள்: சிசி (கண்ட்ரோலர் செய்தி) 101=0, 100=0, 6=48. சில சிந்த்கள் அதைக் கண்டுகொள்ளாது, கையால்தான் மாற்ற வேண்டும். ±48-இல் பெண்டின் ஒரு எண் 0.59 சென்ட், அந்த நுணுக்கம் போதும்.

பெண்ட் எப்போதும் நோட் ஆனுக்கு (ஸ்வரத்தைத் தொடங்கும் செய்தி) முன் போகட்டும். இல்லையென்றால் தொடக்கத்தில் ஒரு சறுக்கல் கேட்கும். அடுத்த ஸ்வரத்துக்கு, விட்டு அதிக நேரமான சேனலை எடுங்கள். இப்போதுதான் விட்ட சேனலை எடுத்தால், ரிலீஸில் (விட்டபின் தேயும் ஒலியில்) இன்னும் ஒலிக்கும் பழைய ஸ்வரத்தையும் புதிய பெண்ட் இழுத்து அபஸ்வரமாக்கும்.

பதில் 2:
வரிசைகளுக்கு மடிப்பு நிலை வையுங்கள். சி மேஜருக்கு 0, 5, 10, 13, 18, 23, 28 மட்டும். 155 வரிசை 35 ஆகும். ஸ்கேலுக்கு வெளியே ஸ்வரம் இருந்தால் மெல்லிய வரிசையாகக் காட்டுங்கள், மறைக்கவே கூடாது. விரித்த நிலையில் ஏழும் வெள்ளை. ஷார்ப், ஃப்ளாட் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் (சி ஷார்ப் 2, டி ஃப்ளாட் 3).

பதில் 3:
சேமிப்பு முறையையும் மாற்றுங்கள். மிடி எண்ணும் பெண்டும் கடைசியில், அனுப்பும்போது கணக்கிட வேண்டியவை. கோப்பில் இரண்டு முழு எண் போதும்: சி-யிலிருந்து எத்தனை பஞ்சமம், எத்தனை ஸ்தாயி. சி ஷார்ப் +7, டி ஃப்ளாட் −5. 31-இல் பஞ்சமம் 18 படி; 7×18=126, நான்கு ஸ்தாயி கழித்தால் 2. 19 சம பங்குக்கு மாறினால் பஞ்சமம் 11 படி, அதே ஸ்வரங்கள் 1, 2 ஆகும். பாட்டை மறுபடி எழுத வேண்டியதில்லை.

கேட்டவர்:
53-க்கும் இதே சரிவருமா?

பதில் 3:
கணக்கு சரிவரும், ஒலி மாறும். 53-இல் பஞ்சமம் 31 படி. சி ஷார்ப் 5, டி ஃப்ளாட் 4, அதாவது வரிசை தலைகீழ். அதனால் வரிசை ஒழுங்கை நிரலில் நிலையாக எழுதாமல் ஒவ்வொரு அமைப்புக்கும் கணக்கிடுங்கள். மேஜர் மூன்றாம் ஸ்வரமும் (+4) 18-ஆம் படியில், 407.5 சென்ட்டில் விழும். 5/4 என்ற தூய மேஜர் மூன்றாம் விகிதத்துக்கு (386.3 சென்ட்) நெருக்கமானது 17-ஆம் படி, அது −8 பஞ்சமம், எஃப் ஃப்ளாட். 31-லிருந்து 53-க்கு மாற்றும்போது இந்த ஸ்வரங்களைத் தனியாகக் குறித்துக்காட்டி, எது வேண்டும் என்று இசையமைப்பாளரிடமே கேளுங்கள்.