மலைநாட்டு 4ஜியில் டிசிபி தாமதத்தை அளப்பது எப்படி? உதவி வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மஸ்கெலியாவில் இருந்து எழுதுகிறேன். கணினி வலையமைப்பில் முதுமாணி படிக்கிறேன். இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்கு, அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கியூபிக், பிபிஆர் என்ற இரண்டு முறைகள் உண்டு. எங்கள் தோட்டத்து 4ஜி இணைப்பில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் ஆய்வு. கொழும்பில் நண்பரின் சர்வரில் இருந்து தரவை அனுப்பி இங்கே அளக்கிறேன்.

இணைப்பு சும்மா இருக்கும்போது பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லிசெக்கன். தங்கை பாட வீடியோவைத் தரவிறக்கினால் 900ஐத் தாண்டுகிறது. கியூபிக், பொதி (தரவுத் துண்டு) தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். வழியில் பொதிகள் காத்திருக்கும் பஃபர் பெரிதென்றால் பொதி தொலையாது, வரிசையில் காத்துக் கிடக்கும். 2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர், கிடைக்கும் வேகத்தையும் மிகக் குறைந்த ஆர்டிடியையும் (போய்த் திரும்பும் நேரம்) மதிப்பிட்டு அனுப்பும். அதுவரை சரி.

மலை மறைவில் சிக்னல் விழும்போது, தொலைந்த தரவை ரேடியோ அடுக்கே (போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பகுதி) மீண்டும் அனுப்பிவிடுகிறது. டிசிபிக்கு அது இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். இதையும் பஃபர் தாமதத்தையும் எப்படிப் பிரித்து அளப்பது? கணினிக்குள் போலி வலையமைப்பை உருவாக்கும் மினிநெட்டில் நிலையான தாமதம் கொடுத்துப் பார்த்தேன், நிஜத்தோடு ஒட்டவே இல்லை.

மாஹிமாஹி போன்ற கருவியில், பதிவுசெய்த 4ஜி தடத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். டிசிபிடம்ப் கருவியில் பிடித்த பொதிப் பதிவுகளை அனுப்புகிறேன். ஞாயிறு காலை அரை மணி நேரம் போனில் பேச முடிந்தாலும் பெரிய உதவி.